கிண்டியில் கிண்டிய கதை

1996 செப்டம்பரில் ஒரு காலை, இண்டூர் டீக்கடையில் தினசரிப் பேப்பர் நாலாகக் கிழிந்தது. சண்டை ஒன்றும் இல்லை. நாலு பேர் நாலு பக்கமும் பிடித்து இழுத்துப் படித்ததில் கிழிந்தது. முதல் பக்கம் யார் கையில் மிஞ்சியதோ அவர் சத்தமாகப் படித்தார். தண்ணீரில் ஒரு மூலிகையைப் போட்டுக் காய்ச்சினால் பெட்ரோல் வருகிறதாம். ராஜபாளையம் பக்கத்து ஆள், ராமர் பிள்ளை என்று பெயராம், காய்ச்சிக் காட்டுகிறாராம். படிப்பு பத்தாவதைத் தாண்டவில்லையாம்.

கடைசி வரியைக் கேட்டதும் கடையே நிமிர்ந்து உட்கார்ந்தது. அங்கே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பத்தாவதைத் தாண்டாதவர்கள். "படிச்சவன் என்னத்தக் கிழிச்சான்?" என்று ஒருவர் கேட்டார், கிழிந்த பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு.

கடைக்காரர் மட்டும் ஒன்றும் பேசாமல் தன் பாய்லரைத் திரும்பிப் பார்த்தார். இருபது வருஷமாக இலையைப் போட்டுத் தண்ணீர் காய்ச்சுகிறவர் அவர். ஒரு நாளும் டீயைத் தவிர வேறொன்றும் வந்ததில்லை.

பெட்ரோல் மேல் எங்களுக்கு அப்போது தனிக் கோபம் இருந்தது. ஜூலையில்தான் தேவகவுடா அரசு விலையை ஏற்றியிருந்தது. தர்மபுரி மாவட்டம் அன்றைக்கு இரண்டாகப் பிரியவில்லை, ஓசூர் எங்களோடுதான் இருந்தது. டிவிஎஸ் 50 ஓசூரில் பிறந்த வண்டி. ஆக, வண்டி எங்கள் மாவட்டத்துச் சரக்கு, அதற்குக் குடிக்கக் கொடுப்பது மட்டும் அரபு நாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. அதையும் ஒரு தமிழன் காய்ச்சி இறக்கிவிட்டால் அப்புறம் என்ன? "அரபுக்காரன் ஒட்டகத்த வித்துட்டு இங்க வந்து ராகி நடுவான் பாரு" என்றார் என் சித்தப்பா. அவரிடம் ஒரு டிவிஎஸ் 50 இருந்தது. ராகி மூட்டை, புல்லுக்கட்டு, சித்தி, இரண்டு பிள்ளைகள், எல்லாம் அதில்தான் போவார்கள். பெட்ரோல் மட்டும் எப்போதும் அரை லிட்டர். ஆயில் ஒரு மூடி.

அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஆராய்ச்சி தொடங்கியது.

எந்த இலை என்று பேப்பரில் போடவில்லை. அது ரகசியமாம். ரகசியம் என்றால் நம்மாட்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், கண்ணில் பட்டதையெல்லாம் போட்டுப் பார்ப்பது. துளசி போட்டோம். நொச்சி, ஆடாதொடை, வேப்பிலை, புங்கன் போட்டோம். ஊமத்தையைப் போடலாமா என்று விவாதம் நடந்து, பைத்தியம் பிடிக்கும் என்று கைவிடப்பட்டது. உப்பும் எலுமிச்சையும் சேர்க்கிறார்கள் என்று செய்தியில் வந்திருந்தது, அதையும் சேர்த்தோம். "உப்பும் புளிப்பும் போட்டாக்கா அது ரசம்டா" என்றாள் ஆயா. களிச் சட்டியைக் கேட்காமல் எடுத்ததில் அவளுக்கு ஏற்கெனவே கடுப்பு. களித் துடுப்பையும் எடுத்திருக்கிறோம் என்று தெரிந்ததும் திண்ணையிலிருந்து எழுந்தே வந்துவிட்டாள்.

துடுப்பைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தர்மபுரிப் பக்கத்தில் ஒரு வீட்டின் நிலவரத்தை அதன் களித் துடுப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். எங்கள் வீட்டுத் துடுப்பு புளிய மரத்தில் செதுக்கியது. ஒரு கை நீளத்துக்கு மேல் இருக்கும். பிடி வழவழவென்று தேய்ந்து, அடி கருத்து, தூக்கினால் கனமாக இருக்கும். கொதிக்கிற உலையில் ராகி மாவைக் கொட்டி, சட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு, கட்டி தட்டாமல் கிண்டுவதற்குத் தோளில் பலம் வேண்டும். துடுப்பு உள்ளே பொக்கையாக இருந்தால் இரண்டாம் நாளே முறியும். இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கால் மணி நேரம் கிண்டினோம். மேலே பச்சையாக நுரை கட்டியது. சித்தப்பா தீக்குச்சியைக் கிழித்து நுரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அணைந்தது. இன்னொன்று கிழித்தார். அதுவும் அணைந்தது. பாதித் தீப்பெட்டி காலியானதும் ஆராய்ச்சிக்கான நிதி தீர்ந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. மறுநாள் பக்கத்து வீட்டில் சளி பிடித்திருந்த ஒருவர் அதில் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார், சளி விட்டுப்போனது. அந்த வகையில் எங்கள் சோதனையை முழுத் தோல்வி என்று சொல்லமுடியாது.

சட்டியைக் கழுவிக்கொண்டே ஆயா தன் தீர்ப்பைச் சொன்னாள். "சட்டியில இருந்தாத்தானடா அகப்பையில வரும்?"

டெல்லியில் அதே நாட்களில் இதைவிடப் பெரிய சட்டி அடுப்பில் இருந்தது. ராமர் பிள்ளை அங்கே விஞ்ஞானிகள் முன்னால் காய்ச்சிக் காட்டினார். தண்ணீர் கொதித்தது, இலை போட்டார், உப்பு போட்டார், இன்னும் ஏதோ போட்டார், கிண்டினார், ஆறவிட்டார். மேலே ஒரு திரவம் தெளிவாக மிதந்தது. எடுத்துப் பற்றவைத்தால் எரிந்தது. வண்டியில் ஊற்றினால் ஓடியது. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் மேல்மட்டத்திலிருந்தே நம்பிக்கையான பேச்சு வெளிவந்தது. தமிழ்நாட்டு அரசு மூலிகை பயிரிட நிலம் ஒதுக்குகிற அளவுக்குப் போனது. பத்திரிகைகள் அட்டைப்படம் போட்டன. சின்ன வயதில் சுற்றுலா போனபோது அடுப்புப் பொறி ஒரு செடியின்மேல் விழுந்து குப்பென்று பிடித்ததாம், அன்றைக்குக் கண்டுபிடித்த செடியாம். ஆப்பிள் விழுந்த கதைக்கு நம்மூர்ப் பதிப்பு. நியூட்டன் தலையில் பழம் விழுந்ததையே நாம் யாரும் சரிபார்க்கவில்லை, இதை யார் சரிபார்க்கப்போகிறார்கள்?

இண்டூர் டீக்கடையில் வேறொரு கவலை ஓடியது. "டெல்லிக்காரன் தமிழன வளரவிடமாட்டான், அமுக்கிடுவான்" என்று தினமும் ஒருவர் எச்சரித்தார். உண்மையில் டெல்லிக்காரர்தான் அன்றைக்குத் தோளில் தூக்கி வைத்திருந்தார். சந்தேகப்பட்டவர்கள் அறிவியல் படித்த வேறு சிலர். அவர்கள் கேட்டது சின்னக் கேள்வி: கொஞ்சம் கிட்ட வந்து பார்க்கலாமா?

கிட்டப் போய்ப் பார்த்தது சென்னையில், கிண்டி வனத்தை ஒட்டிய ஐஐடி வளாகத்தில். ஊருக்குக் கிண்டி என்று பெயர் வைத்தவர் ஜோசியம் தெரிந்தவராக இருக்கவேண்டும். அங்கேதான் கிண்டுகிற விஷயம் முடிவுக்கு வந்தது. கண்காணிப்பு இறுகியதும் பெட்ரோல் வருவது நின்றது. பிறகு வெளிவந்த விளக்கம் இதுதான்: சூட்சுமம் சட்டியிலும் இல்லை, இலையிலும் இல்லை. கிண்டுகிற கோலில் இருந்தது. உள்ளே பொக்கையான கோல். அதற்குள் எரிபொருள். அடியில் மெழுகால் ஓர் அடைப்பு. கொதிக்கிற தண்ணீரில் விட்டுக் கிண்டினால் மெழுகு உருகும், உள்ளே இருப்பது இறங்கும். பெட்ரோல் தண்ணீரோடு கலக்காது, தண்ணீரைவிட லேசு, தானாக மேலே வந்து மிதக்கும். வேடிக்கை பார்க்கிறவர்கள் ஆவென்று வாய் பிளக்கிற நேரத்தில் மெழுகும் எங்கோ கரைந்து போயிருக்கும்.

ஆயா சொன்னது பாதிதான் சரி என்று அன்றைக்குப் புரிந்தது. அகப்பையில் இருந்தாலும் சட்டியில் வரும்.

இதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. ஏமாற்றியதற்காக வருத்தம் இல்லை. பழைய வித்தையைப் புதுசு என்று சொன்னதற்காக. மெழுகு வைத்த கோலுக்கு வயது 600 ஆண்டுக்கு மேல். இங்கிலாந்தில் ஜெப்ரி சாசர் என்ற கவிஞர் பதினாலாம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய கேன்டர்பரி கதைகளில் ஒரு ரசவாதச் சாமியார் வருகிறார். லண்டனில் ஒரு பாதிரியாரிடம் பாதரசத்தை வெள்ளியாக்கிக் காட்டுகிறார். முதல் தடவை, துளை போட்ட கரித்துண்டுக்குள் வெள்ளித் தூளை வைத்து மெழுகால் அடைத்து நெருப்பில் வைக்கிறார். இரண்டாம் தடவை, பொக்கைக் கோலுக்குள் வெள்ளித் தூள், நுனியில் மெழுகு. கிண்டுகிறார். உருகுகிறது. விழுகிறது. பாதிரியார் நாற்பது பவுன் கொடுத்துச் செய்முறையை வாங்கிக்கொள்கிறார். அப்புறம் சாமியாரைக் காணவில்லை. கதையை முழுசாகப் படித்துவிட்டு 1996 செப்டம்பர்ப் பேப்பரை எடுத்தால், வெள்ளியை அடித்துப் பெட்ரோல் என்று திருத்தவேண்டியதுதான் பாக்கி.

இது கவிஞரின் கற்பனை என்று யாரும் தள்ளிவிட முடியாது. பிரான்சில் எத்தியன் பிரான்சுவா ஜெப்ராய் என்ற வேதியியல்காரர் 1722ஆம் ஆண்டு பாரிஸ் அறிவியல் கழகத்தில் ஓர் அறிக்கை படித்தார். ரசவாதிகள் ஊரை ஏய்க்கிற வழிகளின் பட்டியல் அது. இரட்டை அடி வைத்த மூசை. துளை போட்டு அடைத்த கரி. பாதி இரும்பு, பாதி தங்கமாகச் செய்து, தங்கப் பாதிக்கு இரும்பு நிறம் பூசிய ஆணி; அதை ஏதோ ஒரு திரவத்தில் முக்கினால் பூச்சு போய்த் தங்கம் பளிச்சிடும். அந்தப் பட்டியலில் உள்ளே தூள் வைத்து நுனியை அடைத்த கோலும் இருக்கிறது. அதாவது, நம் விஞ்ஞானிகள் டெல்லியில் வாய் பிளப்பதற்கு 274 வருஷம் முன்னாலேயே எங்கே பார்க்கவேண்டும் என்று ஒருவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பல்லாயிரம் ரூபாய்க் கருவி எதுவும் தேவைப்படவில்லை. "அந்தக் குச்சிய இப்படிக் குடுங்க" என்று ஒருவர் கை நீட்டியிருந்தால் போதும்.

கை நீட்டாததற்கும் காரணம் இருக்கிறது. பெரிய படிப்புப் படித்தவர்களின் கண் சட்டியிலேயே இருக்கும். இயற்கை ஏமாற்றாது என்று பழகியவர்கள் அவர்கள். உப்புக் கரைசல் அவர்களை ஒரு நாளும் ஏய்த்ததில்லை. மனுஷன் ஏய்ப்பான் என்பதை அவர்களைவிடச் சந்தையில் மாடு வாங்குகிறவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் மாட்டைப் பார்ப்பதற்கு முன்னால் தரகன் துண்டுக்குள் விடுகிற கையைப் பார்ப்பான்.

இலைக்கும் ஒரு கணக்குப் போட்டுவிடலாம், அதன்மேல் பழி நிற்கவேண்டாம். பெட்ரோலில் பெரும்பங்கு கரி. ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம், அதில் 630 கிராமுக்குக் குறையாமல் கார்பன். பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். நூறு கிராம் இலையைக் கசக்கிக் காயவைத்தால் இருபது கிராம் சருகு மிஞ்சும், அதில் கார்பன் ஒன்பது கிராம் தேறினால் பெரிது. இலையிலுள்ள கார்பன் ஒரு துளிகூட வீணாகாமல் அப்படியே பெட்ரோலாக மாறியது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு லிட்டருக்கு ஏழு கிலோ இலை வேண்டும். கைப்பிடி இலைக்கு ஒரு டீஸ்பூன் வரும். சட்டி நிறைய வராது.

இன்னொரு கணக்கு இதைவிட முரட்டுத்தனமானது. ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் வருகிற சூட்டில் நூறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம். அந்தச் சூடெல்லாம் பெட்ரோலுக்குள் எங்கிருந்தோ வந்து புகுந்திருக்கவேண்டும் அல்லவா? இங்கே அடுப்பில் கொதித்தது ஒரு சட்டித் தண்ணீர். ஒரு சட்டியைக் கொதிக்கவைக்கிற விறகைக் கொடுத்து நூறு லிட்டரைக் கொதிக்கவைக்கிற எண்ணெய் வாங்கிவிடலாம் என்றால், அப்புறம் அந்த எண்ணெயிலேயே அடுப்பு எரித்து, அதிலேயே இன்னும் எண்ணெய் காய்ச்சி, உலகத்தில் யாரும் வேலைக்கே போகவேண்டியதில்லை. சித்தப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். "அதத்தான்டா நானும் சொல்றேன்" என்றார் சந்தோஷமாக.

ராமர் பிள்ளையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை, இந்தக் கம்பெனிக்கு உலகமெல்லாம் கிளை உண்டு. அமெரிக்காவில் லாங் ஐலண்டுக்காரர் லூயி என்ரிக்ட், 1916இல் பத்திரிகைக்காரர்களைக் கூட்டிவைத்து, வாளித் தண்ணீரில் ஒரு பச்சைத் திரவத்தைக் கலந்து காரை ஓட்டிக் காட்டினார். ஹென்றி ஃபோர்டே ஆர்வம் காட்டினார் என்றால் பாருங்கள். பின்னாளில் வேறொரு மோசடியில் என்ரிக்ட் ஜெயிலுக்குப் போனார். சீனாவில் ஹார்பின் நகரத்து பஸ் டிரைவர் வாங் ஹோங்செங் எண்பதுகளில் தண்ணீரில் சில சொட்டு விட்டுப் பெட்ரோலாக்கினார். அங்கே கட்சியும் ராணுவமும் வரிசையில் நின்றன. 1997இல் பத்தாண்டு சிறை. நம்மூரில் சட்டி ஏறிய அடுத்த வருஷமே அங்கே சட்டி இறங்கிவிட்டது.

எனக்குப் பிடித்தவர் இவர்கள் யாரும் இல்லை, பிலடெல்பியாக்காரர் சார்லஸ் ரெட்ஹெபர். தானாகவே ஓயாமல் சுற்றுகிற இயந்திரம் செய்திருப்பதாக 1812இல் காட்சிக்கு வைத்தார். அங்கே குட்டு உடைந்ததும் நியூயார்க் போனார், டிக்கெட் போட்டார், கூட்டம் அம்மியது. நீராவிப் படகு ஓட்டிப் பெயரெடுத்த ராபர்ட் ஃபுல்டன் ஒருநாள் பார்க்க வந்தார். இயந்திரம் சுற்றுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். ஒரு சீராக இல்லை; வேகமாகிறது, தொய்கிறது, மறுபடி வேகமாகிறது. இது கையால் சுற்றுகிற சத்தம் என்று சொல்லிவிட்டு, சுவரோரம் நின்ற இரண்டு கட்டைகளைப் பெயர்த்தார். உள்ளே நரம்புக் கயிறு ஒன்று சுவருக்குள் புகுந்து மேல் மாடிக்குப் போனது. கயிற்றைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறினால், பின்னறையில் தாடி வைத்த கிழவர் ஒருவர் ஒரு கையால் பிடியைச் சுற்றிக்கொண்டு, மறு கையால் காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். உலகத்தின் முதல் ஓயா இயந்திரம் அந்தக் கிழவர்தான். அவருக்கு என்ன சம்பளம் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஏமாற்றாமலே ஏமாறுகிற ரகமும் உண்டு. பிரான்சில் நான்சி நகரத்துப் பேராசிரியர் பிளாண்ட்லோ, 1903இல் என்-கதிர் என்று புதுசாக ஒன்றைக் கண்டுபிடித்தார். அவர் யோக்கியமான மனுஷன். கதிரை அவர் பார்த்தார், அவர் உதவியாளர் பார்த்தார், நிறையப் பேர் பார்த்தார்கள். அமெரிக்காவிலிருந்து ராபர்ட் வுட் மறு வருஷம் வந்தார். இருட்டறைச் சோதனையின்போது, கதிரைப் பிரிக்கிற முப்பட்டகத்தைச் சத்தமில்லாமல் கழற்றித் தன்னிடம் வைத்துக்கொண்டார். பிளாண்ட்லோ அதற்குப் பிறகும் கதிர் எங்கெங்கே விழுகிறது என்று அளவு சொல்லிக்கொண்டே இருந்தார். துடுப்பைப் பிடுங்கிய பிறகும் கிண்டிக்கொண்டே இருப்பது மாதிரி.

நமக்கு அந்த ரகம் ஒரு வருஷம் முன்னாலேயே வந்துபோயிருந்தது. 1995 செப்டம்பர் 21, பிள்ளையார் பால் குடித்த நாள். செப்டம்பர் மாதத்துக்கும் திரவங்களுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது. வடக்கே ஆரம்பித்த சேதி டெலிபோனில் பரவி, சாயங்காலத்துக்குள் இந்தியா முழுக்கப் பிள்ளையார் கோயில்களில் வரிசை நின்றது. நானும் ஒரு வரிசையில் டம்ளரோடு நின்றேன். கரண்டியைத் தும்பிக்கைப் பக்கம் கொஞ்சம் சாய்த்ததும் பால் மெள்ளக் குறைந்தது. உடம்பு சிலிர்த்தது. திரவத்துக்கு ஒரு மேற்பரப்பு இழுவிசை உண்டு. கரண்டி விளிம்பு கல்லைத் தொட்டதும் கல் பாலைத் தன்மேல் இழுத்துக்கொள்கிறது, மெல்லிய படலமாகக் கீழே இறங்குகிறது, வெள்ளைப் பால் ஈரக் கல்லில் கண்ணுக்குத் தெரிவதில்லை. விஞ்ஞானிகள் பாலில் சாயத்தைக் கலந்து ஊட்டிக் காட்டினார்கள். சாயம் பிள்ளையாரின் தொப்பையில் கோடு போட்டு இறங்கியது. எங்கள் வரிசையில் அன்றைக்கு அந்தப் படிப்பெல்லாம் யாருக்கும் தேவைப்பட்டிருக்காது. கோயில் பின்னால் போய்த் தண்ணீர் போகிற தாரையைப் பார்த்திருந்தால் போதும். வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாய் அங்கே மும்முரமாக இருந்தது. பார்த்தவர்கள் இருந்தார்கள், நான் உள்பட. யாரும் வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறந்தவர்களும் இந்த மண்ணில் உண்டு. போத்தனூர் பிரேமானந்த், 2009இல் சாகிற வரைக்கும் ஊர் ஊராகப் போய், சாமியார்கள் செய்கிற அத்தனையையும் செய்து காட்டி, எப்படிச் செய்தேன் என்றும் சொல்லிவிட்டு வந்தவர். சாமியார்களுக்கு அவர்மேல் வந்த கோபம் தொழில் கோபம். அவருக்கு முன்னோடி ஆபிரகாம் கோவூர், கேரளத்தில் பிறந்து இலங்கையில் பாடம் நடத்திய தாவரவியல் வாத்தியார். மோசடிக்கு இடமில்லாத சோதனையில் ஓர் அற்புதத்தைச் செய்துகாட்டுகிறவருக்கு லட்சம் ரூபாய் என்று 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கிறவரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள் "மந்திரமா தந்திரமா" என்று பள்ளிக்கூடங்களில் நடத்திய நிகழ்ச்சிகளும் அதே வழிதான். நெருப்பில்லாமல் யாகம் மூட்டுவார்கள்: பொட்டாசியம் பர்மாங்கனேட் தூளின்மேல் கிளிசரினை நெய் மாதிரி விட்டால் கொஞ்ச நேரத்தில் தானாகப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் மந்திரம். நீளமான மந்திரமாகப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இவ்வளவும் பார்த்து, படித்து, கிண்டிய பிறகு நாங்கள் தெளிந்திருப்போம் என்று நினைக்கிறீர்கள். எங்கள் பக்கத்துக்கு அடுத்து வந்தது ரைஸ் புல்லிங்.

தெரியாதவர்களுக்கு: அது ஒரு செம்புக் கலசம். கோபுரத்தில் இருந்து, இடி விழுந்து, உள்ளே இரிடியமாக மாறியதாம். அதன் சக்தி அரிசியை இழுக்கும். வெளிநாட்டு விண்வெளிக்காரர்கள் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்குவார்களாம். சதுரங்க வேட்டை படத்தில் பார்த்திருப்பீர்கள். இரிடியம் என்பது தனிமங்களில் 77ஆவது, பிளாட்டினத்தின் பங்காளி, பயங்கர கனம். அரிசிக்கும் அதற்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. செம்பின்மேல் இடி விழுந்தால் செம்பு உருகும், ஜாதி மாறாது. 2018இல் டெல்லியில் ஒரு அப்பாவும் மகனும் இதே சரக்கை நாசாவுக்கு விற்கலாம் என்று சொல்லி, கதிர்வீச்சைத் தாங்கும் உடை என்று பளபளவென்று ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து, ஒரு வியாபாரியிடம் ஒரு கோடிக்கு மேல் கறந்து, போலீஸில் மாட்டினார்கள்.

எங்கள் சித்தப்பாவுக்கு அந்த உடையெல்லாம் தேவைப்படவில்லை. ஒரு தோட்டத்து வீட்டில் ராத்திரி எட்டு மணிக்கு, மங்கலான பல்பின் கீழே, ஒரு பலகைமேல் கலசத்தை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் தட்டில் அரிசி. அரிசி ஒவ்வொன்றாகத் துள்ளி நகர்ந்ததாம். "என் கண்ணால பாத்தேன்டா" என்றார். டெஸ்டிங் சார்ஜ் எட்டாயிரம் ரூபாய். கொண்டுவந்தவர் பெயரை அவர் இன்றுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டிவிஎஸ் 50 அந்த மாதம்தான் கைமாறியது.

"அரிசி யாருது?" என்று ஆயா கேட்டாள்.

"அவங்களுதுதான்."

"நம்மூட்டுது ஒரு பிடி கொண்டுபோய்ப் போட்டுப் பாக்கறதுக்கென்ன?"

சித்தப்பா பதில் சொல்லவில்லை. இரும்புத் தூள் தடவிய அரிசி, பலகைக்கு அடியில் ஒரு காந்தம், அவ்வளவுதான் சங்கதி. அதுவும் மெழுகு வைத்த கோலின் தம்பிதான். சாமானை அவனே கொண்டுவருவான், நீங்கள் பார்க்கவேண்டிய இடத்தையும் அவனே காட்டுவான்.

மூலிகை பெட்ரோல் கிண்டியோடு முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். 1999, 2000 ஆண்டுகளில் ராமர் பெட்ரோல் கடைகளிலேயே விற்பனைக்கு வந்தது. வாங்கி ஊற்றியவர்களின் வண்டிகள் ஓடவும் செய்தன. ஓடாமல் என்ன? அதில் இருந்தது டொலுவீன், நாஃப்தா போன்ற பெட்ரோலியச் சரக்குகளின் கலவை என்று சிபிஐ வழக்குப் போட்டது. மோசடித் தொகை 2 கோடியே 27 லட்சம் என்றது. வழக்கு மூலிகையைவிட மெதுவாக வளர்ந்தது. 2016 அக்டோபர் 14 அன்று சென்னை எழும்பூர் நீதிமன்றம் அவருக்கும் இன்னும் நாலு பேருக்கும் மூன்றாண்டு கடுங்காவல் விதித்தது. தன் கண்டுபிடிப்பு உண்மை என்றுதான் அவர் சொல்லிவந்தார். இலையிலிருந்து பெட்ரோல் வருமா வராதா என்று இருபது வருஷம் பேசிய நாட்டில், வழக்கு எதில் முடிந்தது என்று பாருங்கள்: பெட்ரோலில் பெட்ரோலியம் இருந்தது என்பதில்.

ஆயா போய்ப் பல வருஷம் ஆகிறது. களித் துடுப்பு இருக்கிறது. பரண்மேல் போடவில்லை, வாரத்துக்கு இரண்டு நாள் வேலை செய்கிறது. மூலிகைப் பெட்ரோலோ, தண்ணீரில் ஓடும் காரோ, எதையாவது கிண்டிக் காட்டுகிறோம் என்று உங்கள் ஊருக்கு யாராவது வந்தால் சொல்லியனுப்புங்கள், இண்டூருக்கு வந்து வாங்கிக்கொண்டு போகலாம். புளிய மரம், உள்ளே பொக்கை கிடையாது. இதில் கிண்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒன்று மட்டும், பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். ராத்திரிக்குக் களி.